அரை, பத்தரை: மகளின் பல்லை அளந்த கதை

எதையும் அளந்து பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தவன் நான். செம்பவாங் கப்பல் பட்டறையில் பல வருடமாக இரும்பை அளக்கிறவன் வேறு எதை நம்புவான்? மகள் யாழினியின் பல்லை அளந்த பிறகுதான் அந்த நம்பிக்கையைக் கைவிட்டேன்.

அப்போது அவளுக்கு எட்டு வயது. கீழே முன்பற்கள் நான்கும் புதிதாக முளைத்திருந்தன. பக்கத்தில் இன்னும் பால்பற்கள். சிராங்கூன் சாலையில் ஒரு பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கிற பல்லெல்லாம் எவ்வளவு பெருசா வரும்னு சொல்ல ஒரு கணக்கு இருக்கு. இடம் பத்துமான்னு அடுத்த வாரம் அளந்துடலாம்" என்றார். கப்பலையே அளக்கிறவன் ஒரு வாரம் காத்திருப்பானா? (காத்திருந்திருக்க வேண்டும்.)

பட்டறையில் இரும்பை அளக்கிற வெர்னியர் காலிபரை யாழினி முகர்ந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் வாடைப்பா, வேணாம்" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். உடனே வீடு இருக்கிற புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயிலேறி ஜாலான் புசார் போனேன். ஹார்ட்வேர் கடைப் பெரியவரிடம், "பல் அளக்கணும், புதுக் காலிபர் ஒண்ணு குடுங்க" என்றேன்.

"கியர் பல்லா தம்பி?"

"இல்ல, மக பல்லு."

அவர் இருந்ததிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வெந்நீரில் கழுவி, சாப்பாட்டு மேசையில் யாழினியை உட்கார வைத்து டார்ச் அடித்தேன். மனைவி மாலதி கைப்பேசியில் சூத்திரத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். (வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டவன் நானேதான்.)

"கீழ முன்பல்லு நாலோட அகலத்தையும் கூட்டுங்க."

"இருபத்துமூணு மில்லிமீட்டர்."

"அதுல அரை, பத்தரை சேர்க்கணும்."

பத்தரை என்று சொல்ல வந்தவள் நாக்குத் தடுக்கி, முதலில் அதன் வாலான 'அரை'யை மட்டும் சொல்லிவிட்டாள் என்று நானாக முடிவு செய்தேன். இருபத்துமூன்றும் பத்தரையும் முப்பத்துமூன்றரை. ஒரு பக்கம் வரப்போகும் மூன்று பற்களுக்கு அவ்வளவு இடம் வேண்டும். இருந்ததோ இருபத்திரண்டரை. பதினொரு மில்லிமீட்டர் துண்டு விழுந்தது!

மூன்று முறை அளந்தேன். அளவு மாறவே இல்லை. குடும்பக் குழுவில் செய்தியைப் போட்டேன். மாலதியின் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டான். "அப்ப நாலு பல்லாவது பிடுங்கணும் லா, மாமா!" என்றான் சத்தமாக.

"எந்த நாலுப்பா?" என்று கேட்டாள் யாழினி.

அன்றிலிருந்து அவள் சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கூரை அதிரச் சிரிக்கிற பிள்ளை.

டாக்டரிடம் போன அன்று, தாடையின் வரைபடத்தைப் பெரிய தாளில் மூன்று கோணத்தில் வரைந்து எடுத்துப் போனேன். மாலதி, யாழினியோடு மச்சினனும் துணைக்கு வந்தான். டாக்டர் தாளை விரித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முப்பத்துமூன்றரையா, சார்?"

"மூணு தடவை அளந்தேன், டாக்டர்."

"இது சரின்னா உங்க மகளுக்கு வரப்போறது குதிரைப் பல்லு. கூட்டினதைப் பாதியாக்கினீங்களா?"

நான் மாலதியைப் பார்த்தேன்.

"அரைன்னு சொன்னேனே!" என்றாள் அவள்.

"பத்தரைன்னுதானே சொன்னே?"

"ரெண்டும்தாங்க சொன்னேன்!"

டாக்டர் தானே ஒருமுறை அளந்தார். பென்சிலால் என் வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதினார்: பதினொன்றரை, பத்தரை, மொத்தம் இருபத்திரண்டு. "அளவெல்லாம் கரெக்டுதான் சார். அரை மில்லிமீட்டர் மிச்சமே இருக்கு. இது உத்தேசக் கணக்குதான், முளைக்க முளைக்கப் பார்த்துக்கலாம். இப்போ எதையும் பிடுங்க வேணாம்."

"குதிரைப் பல்லு வராதா?" என்று கேட்டுவிட்டு யாழினி சிரித்தாள். இரண்டு கையும் மடியிலேயே இருந்தன. இடைவெளியும் பால்பல்லுமாக மொத்த வாயும் தெரிந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவமானமா, நிம்மதியா என்று கேட்டால் முக்கால்வாசி நிம்மதிதான். மச்சினன் நான் அழுவதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான்.

இப்போது யாழினிக்குப் பதினான்கு வயது. எல்லாப் பல்லும் ஒழுங்காக முளைத்துவிட்டன. போன சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தோழியைப் பார்க்கக் கிளம்பினாள். "அரை மணியில வந்துடணும்" என்றேன். சொன்னபடி வரவில்லை. அவள் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்று கடிகாரத்தைக் காட்டினேன்.

"அரைன்னா சொன்னீங்க?" என்றாள், எல்லாப் பல்லும் தெரிய. "எனக்குப் பத்தரைன்னு கேட்டுச்சுப்பா."