தோளில் சிறகு முளைத்த தளபதி

1920, தை மாதம், முற்பகல். இடம்: கொழிஞ்சாம்பாறை. நோக்கம்: பெண் பார்த்தல். வந்தவர்: பி.ஏ. தேறிய இளைஞர் ஒருவர். அணிந்திருந்தவை: வேட்டி, கறுப்புக் கோட்டு, ஜெர்மன் இராணுவத் தொப்பி, தோள்களில் சிறகு வடிவில் தைத்த சரிகைப் பட்டை ஒரு சோடி.

அந்த இளைஞன் நான்தான். பெண்ணின் தாய்மாமன், உலகப் போரின்போது தொழிலாளர் படையில் மண்வெட்டப் பிரான்சுக்குப் போய் வந்தவர். மிடுக்கில்லாத ஆணுக்கு மருமகளைத் தருவதில்லை என்றிருந்தார். ஆகவே, அதே படையிலிருந்து திரும்பிய என் சிற்றப்பா மகனிடம் மிடுக்கை, அதாவது அவன் கொண்டுவந்த தொப்பியையும் சிறகையும், இரவல் வாங்கினேன். அவை எந்தப் பதவிக்குரியவை என்று அவனைக் கேட்கவில்லை. (பட்டதாரி விசாரிப்பதில்லை, அனுமானிப்பான்.) சரிகை மிகுந்தால் பதவி மிகும் என்பது என் அனுமானம்.

"ஏனுங் மாப்ள, இது ஆரோடதுங்க?" என்றார் மாமன், தொப்பியைக் காட்டி.

"ஜெனரலுடையதுங்க."

"ஜெனரலுங்களா! முன்னால வெயில் மறைப்பே காணமுங்களே?"

"ஜெனரல் வெயிலில் நிற்கமாட்டாருங்க. கூடாரத்திலேயே இருப்பார்."

அவர் சிறகை இரு விரலால் தூக்கிப் பார்த்தார். "மறைப்பில்லாத தொப்பி சாதாச் சிப்பாய்க்குங்க. இந்த றெக்கை பேண்டு வாசிக்கறவனுக்குங்க. பிரான்சுல எங்ககூட மண்ணு வெட்டுன ஜெர்மன் கைதி ஒருத்தன் இதேதான் போட்டிருந்தான். நல்லா கொழல் ஊதுவான். நீங்க என்ன வாசிப்பீங்க?"

ஆங்கில இலக்கியம் வாசிப்பேன் என்றேன். அவையில் அது எடுபடவில்லை.

"பொய்யி சொல்றவருக்குப் புள்ளையக் குடுக்க முடியாதுங்க" என்று அவர் எழுந்துவிட்டார். அப்போது கதவுக்குப் பின்னால் அடக்கி வைத்திருந்த சிரிப்பொன்று உடைந்தது. பின், "இருக்கட்டுமுங்க மாமா. இத்தனை மோசமாப் பொய் சொல்றவரு, நாளைக்கு எங்கிட்டத் தப்ப முடியாதுங்க" என்று ஒரு குரல்.

அந்தக் குரலோடு நாற்பத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தேன், ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம் கேட்டால், "அப்பா, உங்க பட்டாளம் போகுதுங்க" என்று என் மக்கள் இன்றும் வாசலுக்கு அழைக்கிறார்கள்.

அவள் போய் ஏழு மாதங்கள். செய்யாமல் நிற்பவை:

இன்னும் திருப்பித் தராத சிறகில் பிரிந்த சரிகையைத் தைத்தல். (ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறாள்.)

பேரனுக்கு இக்கதையைச் சொல்லுதல். அவளுக்கு மாமன் குரல் அப்படியே வரும், எனக்கு வராது.

அன்று சம்மதித்ததற்கு அவளிடம் நன்றி சொல்லுதல்.