மின்விசிறியை நிறுத்தச் சொன்ன விஞ்ஞானி

நட்சத்திரம் கலங்கலாகத் தெரிந்தால் அதைத் திருத்தித் தெளிவாகக் காட்டுவதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்கு நேர்காணல் நடந்த அன்று என் முகமே கலங்கலாகத்தான் தெரிந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

துறையின் பெயர் தகவமைவு ஒளியியல். நட்சத்திரத்தின் ஒளி காற்றைக் கடந்து வரும்போது நெளிந்துபோகும். அந்த நெளிவை அளந்து, தொலைநோக்கிக்குள் இருக்கும் மெல்லிய கண்ணாடி ஒன்றை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைத்துப் படத்தை நேராக்க வேண்டும். இதில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பித்த இடங்களில் பதில் போட்டது வெளிநாட்டு வானாய்வகம் ஒன்றுதான். இரண்டு வருட ஃபெலோஷிப். அதுவும் கைவிட்டுப் போனால் ஜூன் மாதம் அறந்தாங்கியில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தச் சேர்வதாகச் சொல்லி வைத்திருந்தேன். (பிளஸ் டூ பிள்ளைகள் தப்பித்தார்கள்.)

நேர்காணல் மதியம் இரண்டு மணிக்கு, லேப்டாப்பில், வீடியோ வழியாக. பரீட்சை, இன்டர்வியூ, ஆபரேஷன் எதுவானாலும் அம்மா கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்புவார். அன்றும் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"வேணாம்மா. பவுடர் போட்டுட்டேன். கேமராவுல பளபளன்னு தெரியும்."

"ஒரு சொட்டுதான் பாப்பா."

"டாக்டரேட் வாங்குனவளுக்கு எண்ணெய் எதுக்கு?" என்றேன். அம்மா கிண்ணத்தோடு மேசைப் பக்கமே நின்றார். நான் புடவை மடிப்பைச் சரிசெய்ய உள்ளே போனேன்.

மூன்று பேர் திரையில் வந்தார்கள். நடுவில் இருந்த வெள்ளைத்தாடிக்காரர்தான் தலைவர். "உங்கள் படம் மங்கலாக இருக்கிறதே" என்றார். நெட்வொர்க் பிரச்சினை என்றேன். (என் திரையில் என் படமே மங்கலாகத்தான் தெரிந்தது. அதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமில்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நான் டாக்டரேட் அல்லவா!)

லேப்டாப்பைச் செல்போன் இணைப்புக்கு மாற்றி, சிக்னலுக்காகப் போனை ஜன்னலோரம் பிடிக்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். "இங்கிட்டு நிக்கவா, அங்கிட்டுப் போகவா?" என்று அவர் கேட்டது கடல் கடந்தும் கேட்டது.

தாடிக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்வோம். படம் கெட்டிருக்கிறது. கோளாறு எங்கே?"

விடுவேனா? மே மாத வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதிலிருந்து இறங்கும் சூடு, அந்தச் சூட்டை மின்விசிறி கலக்கிவிடுவதால் எனக்கும் கேமராவுக்கும் நடுவே ஒளி நெளிகிறது என்று பத்து நிமிடம் சமன்பாடுகளோடு விளக்கினேன். சோதித்தும் காட்ட, "அப்பா, ஃபேன நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். படம் மாறவில்லை. வேர்வை மட்டும் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா மோர் கொண்டுவந்தார். திரையில் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம் பாப்பா, மொகம் இப்புடித் தெரியுது?" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடி மாதாவே, எண்ணெய்!"

முந்தானையை எடுத்துத் திரைக்கு மேலே நடுவில் அழுத்தித் துடைத்தார். படம் பளிச்சென்று ஆனது. பவுடர் கோடு கோடாக வழிந்த என் முகமும், அதைவிடப் பெரிதாக அம்மாவின் முகமும் தெரிந்தன.

"நீதான் வேணாம்னுட்ட. அதான் லேப்டாப்புக்குப் போட்டேன். மேல நடுவுலதான நெத்தி இருக்கும்?"

கேமராவின் மேலேயே சிலுவை. என்ன நடந்தது என்று தாடிக்காரர் கேட்க, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்க வேண்டியதாயிற்று. பத்து நிமிடப் பேச்சில் லென்ஸைத் துடைத்துப் பார்க்கலாம் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை அவரே எடுத்துச் சொன்னார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவமானம் பிடுங்கித் தின்றது. அம்மாவைத் திட்டவும் வாய் வரவில்லை. நெற்றியை நான் காட்டியிருந்தால் லேப்டாப் தப்பித்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து, தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. அங்கே சேர்ந்த பிறகு தாடிக்காரரிடமே காரணம் கேட்டேன். "உங்கள் பதிலுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் தப்பான யோசனையானாலும் ஃபேனை நிறுத்திச் சோதித்துப் பார்த்தீர்களே, அதற்குத்தான்" என்றார். முதல் வாரம் எனக்குத் தந்த வேலை, ஆய்வகத்தில் இருந்த லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைப்பது. புத்தி கெட்டுப்போய் அதை வீட்டில் சொல்லிவிட்டேன்.

இப்போது ஊரில் யாராவது, "ஒங்க மக வெளிநாட்டுல என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால் அம்மா யோசிப்பதே இல்லை.

"கண்ணாடி தொடைக்கிற வேலைதான். நாந்தான் பழக்கிவிட்டேன்."