கணக்காளரின் சிமெண்ட் சூத்திரம்

கணக்காளரின் சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. கணினித் திரையில் நஷ்டம் இருந்தது.

வேலையை விட்டுவிட்டுப் பங்குச் சந்தையில் இறங்க அவர் துடித்தார். மனைவி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "உங்க சூத்திரம் முதல்ல பழைய விலையில ஜெயிக்கட்டும். அப்புறம் அப்பா பார்த்துச் சரின்னு சொன்னா விடுங்க."

பழைய விலைகளை மச்சான் அனுப்பிவைத்தான். ஒரு சிமெண்ட் கம்பெனியின் ஆறு வருஷ விலை, வாரத்துக்கு ஒன்று வீதம். அந்தக் குடும்பத்தில் யாருக்கு எந்தக் கோப்பு போக வேண்டுமென்றாலும் மச்சான்தான் அனுப்புவான்.

ஏறும்போது வாங்கினால் நஷ்டம் வந்தது. இறங்கும்போது வாங்கினாலும் அதே கதி. மாத நடுவில் வாங்கி மாதக் கடைசியில் விற்றுப் பார்த்தார். பணம் கொட்டியது.

"பார்த்தியா? மாசக் கடைசியில சம்பளம் வருது, ஜனங்க வீடு கட்டறாங்க, சிமெண்ட் ஏறுது!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "நூத்தம்பதுன்னு இருக்கு. பேப்பர்ல நானூறுன்னு போட்டிருந்தானே?"

"போனஸ் பங்கு கொடுத்திருப்பான். அதுக்குத் தக்கபடி திருத்தின விலை. உனக்குப் புரியாது."

"கோடை லீவுல ரெண்டு வாரமும் உச்சத்துலயே நிக்குதே?"

"வெயில் காலத்துலதான் கட்டட வேலை மும்முரமா நடக்கும்."

ஒரே ஒரு மாதம் மட்டும் காலை வாரியது. அந்த மாதம் விலை கடைசிவரை ஏறவே இல்லை.

"அந்த மாசம் நீங்க கால் முறிஞ்சு கிடந்தீங்க. எங்கேயும் போகல," என்றாள் மனைவி.

"என் காலுக்கும் சிமெண்ட்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

அந்த மாதத்தைத் தவிர்க்க ஒரு விதி சேர்த்தார். அந்த விதியால் இன்னொரு மாதம் உதைத்தது. அதற்கு ஒரு விதி. நஷ்டம் எங்கே தலைகாட்டினாலும் அங்கே ஒரு விதி போய் உட்கார்ந்தது. கடைசியில் சூத்திரம் வாடகை ஒப்பந்தம் மாதிரி நீண்டது. நஷ்டம் மருந்துக்குக்கூட இல்லை. தரகுக் கட்டணத்தைச் சேர்க்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. சேர்த்தார். லாபம் கொஞ்சம் இளைத்தது. மறுபடி எடுத்துவிட்டார்.

மறுநாள், மாமனார் வரும்வரை பொறுக்க முடியாமல், கடிதத்தை ஆபீசில் நீட்டினார். மேனேஜர் அதுவரை எந்தக் காகிதத்திலும் அவ்வளவு சுறுசுறுப்பாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

மாலையில் மாமனார் வந்தார். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. செருப்பைக்கூட நேர்க்கோட்டில்தான் கழற்றி வைப்பார். அன்றைக்கு முகம் சரியில்லை.

"என்னப்பா ஆச்சு?"

"டாக்டர் போன் பண்ணினார்மா. பேசறது நான்தானான்னு மூணு தடவை கேட்டார். உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க, படியேறாதீங்க, ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமாங்கறார். நான் பாட்டுக்கு நடந்து வந்துட்டேன்."

"அவர் கிடக்கார் மாமா, இதை வந்து பாருங்க," என்று கணக்காளர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

திரையில் கோடு மலைத்தொடர் போல ஏறி இறங்கியது. கணக்காளர் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினார். "மாசா மாசம் கடைசி வாரம் எகிறுது பாருங்க. கோடையில ரெண்டு வாரம் இறங்கவே இல்ல. இந்த ஒரு மாசம்தான் கம்பெனிக்கு என்னமோ ஆகியிருக்கு, அப்படியே படுத்துடுச்சு. இந்த ஏற்றம் என்னைக்கும் தப்பாது மாமா. இதை நம்பி இன்னிக்குக் காலையிலேயே வேலையை விட்டுட்டேன்!"

"என்னது?" என்றாள் மனைவி.

மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தன் டயரியை எடுத்து, திரையையும் அதையும் விரலால் ஒவ்வொரு வாரமாக ஒப்பிட்டார்; சர்வீஸ் முழுக்க அவர் செய்த வேலை அதுதான். பிறகு டயரியை மெதுவாக மூடினார்.

"மாப்பிள்ளை, டாக்டருக்குப் போக வேண்டிய என் பிரஷர் கணக்கு இது. இந்த உச்சமெல்லாம் நீங்க எங்க வீட்டுக்கு வந்து தங்கின வாரம்."