ஐந்து புள்ளிகளும் ஒரு சி.என்.சி. மெசினும்

பாதி தெரிந்தவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஒன்றும் தெரியாதவன் சும்மா இருப்பான். முழுதும் தெரிந்தவன் யோசிப்பான். பாதி தெரிந்தவன்தான் "நாளைக்கே செஞ்சு தர்றேன் சேர்" என்பான். இருபத்து நான்கு வயதில் எனக்குப் பாதிகூடத் தெரியாது, கால்வாசிதான்.

இரண்டாயிரத்துச் சொச்சம். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. நான் ஹட்டன் டவுனில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். (முதல் மூன்று வகுப்பும் மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதுதான்.) ஒருநாள் இன்டர்நெட் கடையில், எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் கராஜில் செய்த சி.என்.சி. ரவுட்டரின் படத்தைப் பார்த்துவிட்டேன். கணினியில் வரைந்த கோட்டின் மேலேயே தானாக நகர்ந்து, மரத்தையும் அலுமினியத்தையும் வெட்டுகிற இயந்திரம். நாற்பது பக்கங்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படங்கள் எல்லாம் புரிந்தன. எழுத்துகள் இருந்த பக்கங்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் செய்தேன். பழைய பிரிண்டர்களைக் கழற்றி மூன்று மோட்டார்கள் எடுத்தேன். மேசை லாச்சி இழுபடுகிற தண்டவாளங்களின் மேல் அவை நகர்ந்தன. நகர்த்துவதற்கு, ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய மரை போட்ட இரும்புக் கம்பி. சட்டம் முழுக்கப் பிளைவுட். வெட்டும் வேலைக்குத் தச்சர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கை ரவுட்டர். எல்லாவற்றையும் எங்கள் வீட்டின் ஒரே சாப்பாட்டு மேசையில் நட்டு போட்டு இறுக்கி, முன் விறாந்தையில் வைத்தேன். குடும்பம் அன்றிலிருந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற ரோலரோடு முப்பது வருடம் பழகியவர். என் மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன்டா, மெசின்னா இரும்புல இல்ல இருக்கும்? இது என்னா, பொட்டிப் பலகையில செஞ்சி வச்சிருக்க?"

"இது சின்ன வேலைக்குங்கப்பா."

"சின்ன வேலைக்கா எங்க மேசைய எடுத்த?"

ஆனால் ரவுட்டருக்குப் பதில் பேனையைக் கட்டி ஓடவிட்டபோது அது அழகாக ஒரு ரோசாப்பூ வரைந்தது. அடுத்து ஒரு பலகையில் அம்மாவின் பெயரை வெட்டியது. லயமே வந்து பார்த்தது. அம்மா அந்தப் பலகையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். என் தலை அன்று கூரைத் தகரத்தில் இடித்தது.

வினை தங்கச்சி வழியாக வந்தது. தேவி அப்போதுதான் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து ஒரு மாதம். அங்கே புதுக் கட்டடம் திறக்கப்போகிறார்கள். பெயர்ப்பலகைக்கு என்ன செய்யலாம் என்று தலைமையாசிரியரான அதிபர் கேட்க, இவள் எழுந்து, "எங்க அண்ணன் மெசின் வச்சிருக்காரு சேர்" என்று சொல்லிவிட்டாள்.

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்து யாரும் பார்த்ததில்லை. நேரே வீட்டுக்கு வந்தார்.

"இஞ்சத்தை மழைக்குப் பலகை உக்குது. இரும்பு கறள் கட்டுது. அலுமினியத்தில எழுத்து வெட்டித் தருவீரோ தம்பி?"

"நாளைக்கே செஞ்சு தர்றேன் சேர்."

(அதுவரை நான் அலுமினியத்தில் வெட்டியது தேங்காய்ச் சில்லை மட்டும்தான், அதுவும் அலுமினியத் தட்டில் வைத்து.)

அவர் கண்டியிலிருந்து ஒரே ஒரு தகடு வரவழைத்துத் தந்தார். விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. தகட்டைத் தொடப் பயந்து, முதலில் அம்மாவின் சோற்றுச் சட்டி மூடியில் பரிசோதித்தேன். அலுமினியம் வெட்டுப்படவில்லை. உருகி, டொபி மாதிரி ரவுட்டர் அலகில் சுற்றிக்கொண்டது. இரண்டாவது அலகும் அப்படியே. மூன்றாவது அலகு உடைந்து கூரையில் 'டங்' என்று அடித்தது. அப்போதுதான் அந்த எழுத்துப் பக்கங்களை எடுத்துப் படித்தேன். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய் விட்டு வெட்ட வேண்டுமாம். வீட்டில் இருந்த எண்ணெய் தேங்காயெண்ணெய்.

"என்னா தேவி, வீட்டுல தெனமும் வடையா?" என்று எண்ணெய் வாசம் பிடித்துப் பக்கத்து வீட்டு மாரியக்கா கேட்க ஆரம்பித்தார்.

அடுத்து மழை. எங்கள் ஊர் மழைக்கு மனிதனே ஊறிப்போவான், பிளைவுட் என்ன செய்யும்? சட்டம் பொதுபொதுவென்று வீங்கி, மோட்டார்கள் முனகிக்கொண்டு நின்றுவிட்டன. மேசையோடு மெசினைத் தூக்கிப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாள் குளிர்காய வைத்தோம். அம்மா அதைத் தாண்டித் தாண்டிச் சமைத்தார்.

எப்படியோ, விழாவுக்கு இரண்டு நாள் முன்பு எல்லா எழுத்தும் வெட்டி முடிந்தது. வட்டங்கள் கொஞ்சம் முட்டை மாதிரி இருந்தன. 'ழ' யாரையோ முறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் வாசிக்க முடிந்தது. மீதி இருந்தவை புள்ளிகள் மட்டும். 'தமிழ் வித்தியாலயம்' என்பதில் மூன்று, அதற்கு முன்னால் வருகிற பெயரில் இரண்டு. எழுத்தைத் தனியாக வெட்டினால் புள்ளி அதோடு ஒட்டி வராது என்பது எனக்குக் கடைசியில்தான் உறைத்தது. தகட்டில் மிஞ்சியிருந்த துண்டு அந்த ஐந்துக்குச் சரியாக இருந்தது.

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் அதிபர் தேவியோடு வந்தார். எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். "நல்லாயிருக்கு தம்பி" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"மெசின் ஓடுறத பாக்குறீங்களா சேர்? சும்மா ஒரு வட்டம்தான். கண்ண மூடிக்கிட்டு வெட்டும்."

அவர் குனிந்து பார்த்தார். ரவுட்டர் சுற்றியது. எண்ணெய் விட்டேன். பாதி வட்டம் போயிருக்கும், பக்கத்து வீட்டில் மாரியக்கா நாளைய விழாவுக்குச் சேலை தேய்க்க இஸ்திரிப் பெட்டியைப் போட்டார்.

லயத்து விளக்கெல்லாம் ஒருமுறை மங்கியது. கணினி அணைந்து, தானாகவே மறுபடி தொடங்கியது. மோட்டார்கள் பிடியை விட்டன. ஆனால் ரவுட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே தொப்பென்று கீழே இறங்கி, தகட்டைத் துளைத்து மேசைக்குள் போனது. தகடு பிடிகளைப் பிய்த்துக்கொண்டு அலகோடு சேர்ந்து காற்றாடி மாதிரி சுற்ற ஆரம்பித்தது. எண்ணெய்க் கிண்ணம் பறந்தது.

"தம்பி! உது நிக்காதோ?"

"நிக்கும் சேர்!" என்று கத்திக்கொண்டே நான் கீபோர்டைக் குத்தினேன். கணினி அப்போதுதான் கண் விழித்துத் தன் உடம்பைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. அதைப் போய் மெசினை நிறுத்தச் சொல்லி நான் மவுஸையும் ஆட்டினேன். (கணினி ஆசிரியர்!) அதிபர் வாங்குப் பலகையில் ஏறி நின்று குடையை விரித்துக் கேடயம் பிடித்தார்.

தேவிதான் பிளக்கைப் பிடுங்கினாள்.

சத்தம் அடங்கியது. யாருக்கும் காயமில்லை. தகட்டுத் துண்டு கசங்கி அப்பளமாகக் கிடந்தது. அதிபரின் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்பு வரை தேங்காயெண்ணெய். குடையை மெதுவாக மடித்தார்.

"தம்பி, அப்ப புள்ளிக்கு என்ன செய்யிறது?"

தேவி என்னைப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேர்ந்து ஒரு மாதத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரையே புள்ளியில்லாமல் தொங்கவிட வைத்தவள் என்ற பேர் அவளுக்குத்தானே? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்போதுதான் நான் முதல்முறையாகப் பீற்றலை விட்டு, "என் பிழைதான் சேர். எனக்கு அவ்வளவு தெரியாது" என்றேன்.

அம்மா உள்ளே போய் ஒரு பவுடர் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். பழைய ஒரு சதக் காசுகள். கடைகளில் யாரும் வாங்காமல் போய் எத்தனையோ வருடமான சின்ன வட்டக் காசுகள்.

"இதுவும் அலுமினியம்தானுங்களே சேர்?"

அதிபர் ஒன்றை எடுத்து 'ழ'வின் தலைக்கு மேல் வைத்துப் பார்த்தார். நான் வெட்டிய எந்த வட்டத்தையும்விட அது வட்டமாக இருந்தது. அவர் சிரித்ததை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். இலக்கத்தைத் தேய்த்துவிடலாம் என்றேன். "ராசாங்கத்துக் காச சொரண்டாத, இருக்கிற பேரு போதும்" என்று அப்பா தடுத்துவிட்டார்.

மறுநாள் திரையை விலக்கிய கல்வி அதிகாரி கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

"மேவா சத நேத?" (இதெல்லாம் சதக் காசுதானே?)

அதிபர் அசையாமல், ஆமாம், இரும்பு கறள் கட்டும், அதனால்தான் என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது, இன்னொரு பள்ளிக்கூடத்துக்கும் இப்படி எழுத்து வேண்டும், யார் செய்தது என்று கேட்டுவிட்டுப் போனார். தேவி என்னை முன்னால் தள்ளினாள். "நாளைக்கே" என்று வாய் வரை வந்தது. "ரெண்டு மாசம் குடுங்க சேர்" என்றேன்.

அந்த இரண்டு மாதத்தில் இரும்புச் சட்டத்தில் புது மெசின் செய்தேன். அப்பாவே கூட நின்று பற்றவைக்க உதவினார். (மின்சாரம் தாழ்ந்து கணினி அணைந்தால் ரவுட்டரும் நின்றுவிடுகிற மாதிரி ஒரு சுவிட்சும் வைத்தேன்.) இன்று ஹட்டனில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மூன்று பேர் வேலை செய்கிறார்கள்.

ஊருக்கு நான் முதலாளி. வீட்டில் அந்த மரியாதை கிடையாது. நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திப் பேச ஆரம்பித்தால் போதும், இப்போது உப அதிபராக இருக்கிற தேவி உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்:

"அம்மா, டீ போடுங்க! ஊருல பெரும்புள்ளி வந்திருக்காரு. ஒரு சதம் பெறுவாரு!"