சீமைக்குப் போன ஆறு மணி நேரம்

ஓசூரில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் பலர். நேரம் வைத்திருந்தவர் ஒருவர்தான். ஊரே அவரை டைம்பீஸ் மாஸ்டர் என்றது. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நான்கு மிஷின்கள், ஒரு மேசை, மேசைமேல் ஒரு டைம்பீஸ். டைப் அடிக்கிற வேகத்தை அளக்கத்தான் அதை வாங்கினார். பிறகு ஊரையே அளந்தார். பெங்களூர் பஸ் கிளம்பினால் ஜன்னலில் தலை நீட்டி, "பதினோரு நிமிசம் லேட்டு!" என்பார். டிரைவர் தெலுங்கில் திட்டுவார். மாஸ்டர் அதே தெலுங்கில் பதினொன்றைத் திருப்பிச் சொல்வார். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் பந்தலில் எழுந்து நின்று, "முகூர்த்தம் முடிஞ்சு நாலு நிமிசம் ஆவுது" என்று அறிவித்தவர். அந்தத் தம்பதி இன்றைக்கும் சண்டையில் அந்த நாலு நிமிடத்தைத்தான் இழுக்கிறார்களாம்.

அப்படிப்பட்டவரிடம் போய் நான் மாட்டினேன்.

ஐம்பதுகளின் நடுவில், எல்லை தாண்டிப் பெங்களூரில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். இங்கிலாந்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. ஆய்வுக்கூடத்தில் குறைந்தது நூற்றிருபது மணி நேரம் வேலை செய்ததற்குச் சான்று அனுப்பினால், என் படிப்பை அவர்கள் முதலாண்டுக்குச் சமமாக ஏற்று, நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் முதலிலிருந்து மூன்று ஆண்டு.

எங்கள் கிராமமான மத்தூரில் அப்பா களத்துமேட்டில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு வருசம்னா போயிட்டு வா. மூணுன்னா வூட்லயே கெட. அதுக்கு மேல ஏர் புடிக்க என் இடுப்பு தாங்காது."

கல்லூரிச் சான்றிதழில் மார்க்குதான் இருந்தது, மணி இல்லை. பிரின்சிபாலோ, "ரெகார்டு நோட்டைப் பார்த்து டைப் அடித்துக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று முடித்துக்கொண்டார். பதினைந்து நாளுக்குள் அது தபாலில் ஏறியாக வேண்டும்.

நோட்டை மாஸ்டர் மேசையில் வைத்தேன். "நாப்பது சோதனைங்க மாஸ்டர். ஒண்ணுக்கு மூணு மணி. நூத்தி இருபது. அடிச்சிடுங்க."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "இரு கண்ணு. சனிக்கெழம சோதனை எத்தினி?"

"பன்னெண்டு."

"சனிக்கெழம மூணேகால் பஸ்ஸுல நீ வந்து எறங்குவ. நான் ஜன்னல்ல பாத்துக்கினுதான இருந்தேன்? அந்த பஸ்ஸ புடிக்கணும்னா லேப்ப உட்டு எப்ப கெளம்பியிருப்ப?"

சனிக்கிழமைகளில் அரை மணி முன்னதாகவே நழுவிவிடுவோம். எல்லை தாண்டிப் படித்த ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான்.

"பன்னெண்டு அரை, ஆறு. நூத்திப் பதினாலு."

"மாஸ்டர், நூத்தி இருபதுன்னே அடிங்க. சீமையில ஒக்காந்துக்கினு எவன் பாக்கப் போறான்?"

"என் கை அடிக்கும். மிஷின் அடிக்காது" என்றார்.

படியிறங்கினேன். ஆறு மணி நேரத்தில் என் கப்பல் மூழ்கிவிட்டது. தெருவில் ஓசூரின் குளிர் காற்று. பின்னால் செருப்புச் சத்தம். டைம்பீஸைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கியபடி மாஸ்டர்.

"ஏறு பஸ்ஸுல. மிச்ச ஆறு மணிய செஞ்சிட்டு வருவோம்."

அத்திப்பள்ளி எல்லையில் மதுவிலக்குப் போலீஸ்காரர் துண்டைத் தட்டிப் பார்த்தார். "என்னய்யா உள்ள, பாட்டிலா?"

"காது வெச்சு கேளுங்க."

காது வைத்தார். டிக் டிக். "குடிக்கப் போறவன்கூட இவ்ளோ பத்திரமா எடுத்துக்கினு போவமாட்டான்" என்று வழிவிட்டார்.

கல்லூரியில் டெமான்ஸ்டிரேட்டர் கன்னடத்தில் சிரித்தார். பாஸ் ஆன பிறகு பிராக்டிகலா?

"ஆறு கண்டெ பாக்கி இதே சார்" என்று மாஸ்டரும் கன்னடத்திலேயே ஆறு மணி பாக்கியைச் சொன்னார். கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவனின் பணிவு அந்தக் குரலில். டெமான்ஸ்டிரேட்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்தார்.

இரண்டு நாள், மும்மூன்று மணி நேரம். நான் உள்ளே ஊசலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசல் ஸ்டூலில், மடியில் டைம்பீஸோடு. இரண்டாம் நாள் முடிந்ததும் பையைத் தூக்கினேன்.

"ஒக்காரு. தண்ணி குடிச்சது நாலு நிமிசம். கொழாய்கிட்ட நின்னு வேடிக்க பாத்தது மூணு."

அந்த ஏழு நிமிடத்தையும் உள்ளே போய்க் கழித்தேன். பஸ் போய்விட்டது. மறுநாள் கல்லூரி ஆபீஸ் மிஷினில் மாஸ்டரே சான்றை அடித்துமுடித்த பிறகுதான் பிரின்சிபாலின் கையெழுத்தோடு ஊர் திரும்பினோம்.

சான்றின் நகலுக்குக் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து வேண்டும். எங்களுக்குச் சுளுவாகக் கிடைத்தவர் மாட்டு டாக்டர்தான். "பல்லப் பாத்து மாட்டுக்கு வயசு சொல்வேன். இதுல நான் எதைய்யா பாக்கறது?" என்றார். மாஸ்டர் நாற்பது சோதனைக்கும் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் அடித்திருந்த ஆறு பக்கங்களை விரித்தார். டாக்டர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

பதில் வர ஏழு வாரம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன். மாஸ்டரும் பஸ்ஸை விட்டுவிட்டுத் தபால்காரரின் தாமதத்தை எண்ண ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் கடிதம் வந்தது. இரண்டாம் ஆண்டில் சேர்க்கிறோம், வரவும். மணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஒண்ணியும் சொல்லலியே மாஸ்டர்?"

"சரியா இருந்தா எதுக்குச் சொல்றான்?"

போனேன். சொன்னபடி இரண்டே வருடத்தில் திரும்பினேன். மத்தூரில் அப்பாவைப் பார்த்த மறுநாள், காலை ஏழு மணிக்கு மாடிப்படி ஏறினேன். உள்ளே நான்கு பேர் ஏதோ திருடுவதுபோல ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் இப்போது இரண்டு டைம்பீஸ். ஒன்றில் ஏழு. மற்றதில் ஒன்றரை.

கதவோரம் இருந்த பெண்ணிடம், "அது ரிப்பேரா?" என்றேன்.

"இல்லீங்க. அது சீமை மணியாம். அங்க ஒரு பையன் தூங்கறானாம். காலை பேட்ச்சு மெதுவாத்தான் அடிக்கணும்னு மாஸ்டர் ரெண்டு வருசமா உயிர எடுக்கறாரு."

மாஸ்டர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். இரண்டாவது டைம்பீஸைக் கையில் எடுத்து, திருகைத் திருப்பி, ஒன்றரையை மெல்ல ஏழுக்குக் கொண்டுவந்தார். பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே சத்தமாவே அடிங்க. எழுந்துட்டான்."