மூன்று முறை சம்மதம்

காங்ஷான் ஊரில் திருகாணித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், ஓய்வில்லாமல் வேலை பார்த்தவர் ஒருவர்தான். அவர் நிலத்தெய்வம்.

சந்திரக் கணக்கில் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும் வியாபாரிகள் அவரைக் கும்பிடுகிற நாட்கள். அந்த நாட்களில் ஆசான் தியென்ஃபுவின் சன்னதி வாசலில் தொடங்கும் ஸ்கூட்டர் வரிசை, தெருமுனை ஆட்டுக்கறிக் கடையைத் தாண்டித்தான் முடியும். சன்னதி என்றால் கோபுரமும் கூரையும் கற்பனை செய்ய வேண்டாம். அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஒரு ஷட்டர் கடை. முன்பு அங்கே கைப்பேசி ரிப்பேர் செய்தார்கள். இப்போது தலைவிதி ரிப்பேர். பக்கத்துக் கடை ஜுவாங் என்பவரின் வீட்டுத் தரகு அலுவலகம். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. பக்தர்களின் வசதிக்காக.

கூட்டம் கூடியதற்குக் காரணம் பக்தி என்று சொன்னால் நிலத்தெய்வமே நம்ப மாட்டார். எங்கோ ஒரு நாட்டில் யாரோ வரி போட்டார்கள். இங்கே ஆர்டர் குறைந்தது. ஆட்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். நல்ல ஏற்பாடு அது. வேலை இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, சம்பளம் மட்டும் வெளியூர் போயிருக்கிறது. ஆகவே ஊரில் ஆளாளுக்கு ஒரே யோசனை: சின்னதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட வேண்டும். தொழிற்சாலை மூடினாலும் வாடகைக்காரன் ராத்திரி எங்கேயாவது தூங்கத்தானே வேண்டும்?

இப்போது வாங்குவதா, பொறுப்பதா? தொலைக்காட்சியில் பேராசிரியர்கள் விளக்கினார்கள். விலை ஏறலாம், இறங்கலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம் என்றார்கள். நிலத்தெய்வத்தின் பிறைக்கட்டைகளுக்கும் மூன்றே பதில்கள்தான். ஆனால் அவை ஒரு நேரத்தில் ஒரு பதிலைத்தான் சொல்லும். பேராசிரியர்கள் தோற்ற இடம் அது.

பிறைக்கட்டை என்பது பிறை நிலா வடிவில் செதுக்கிய மரத்துண்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. இரண்டைச் சேர்த்துக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் மற்றது மேடாகவும் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இரண்டும் தட்டை காட்டினால் சாமி சிரிக்கிறார். இரண்டும் மேடு காட்டினால் மறுப்பு. ஒரே கேள்விக்கு அடுத்தடுத்து மூன்று சம்மதம் வந்துவிட்டால் சாமி கையெழுத்துப் போட்ட மாதிரி. அதற்குமேல் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு.

இதில் ஆசான் தியென்ஃபுவின் பணிவுதான் எல்லாரையும் உருக்கியது. "நான் வாயே தொறக்கறதில்லைங்க," என்பார், வாயைத் திறந்து. "கேக்கறது நீங்க, போடறது உங்க கை, பேசறது கட்டை. எனக்குக் கூலியும் வேண்டாம்." அப்படியும் மனம் கேட்காதவர்கள் சிவப்பு உறையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். மனம் கேட்காதவர்களுக்காக ஒரு தட்டும் இருந்தது. பெரிய தட்டு.

லியென்ஃபாங் இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தது ஒரு பதினாறாம் நாளில். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். அவளுடைய கணவன் போசுன் திருகாணிக்கு மரை போடுகிற பிரிவில் இருந்தான். இப்போது வாரத்தில் பாதி நாள் வீட்டில் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அவ்வளவு சுத்தமான மின்விசிறியை யாரும் பார்த்ததில்லை. லியென்ஃபாங் வங்கிப் புத்தகத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். கையில் இருந்தது இருபது வருஷச் சேமிப்பு. போனால், மறுபடி சேர்க்க அவர்களுக்கு இன்னொரு இருபது வருஷம் கிடையாது.

சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை அவளே தேடி வைத்திருந்தாள். வீட்டுக்காரர் மகனோடு போய்விடப் போகிறார், நேரடியாகத் தருகிறார், தரகர் இல்லை. அதைப் பற்றிக் கேட்க ஆசான் மஞ்சள் பையிலிருந்து கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். போட்டாள். மறுப்பு. மறுபடியும் மறுப்பு. மூன்றாவதற்கும் அதுவே.

"சாமி தடுக்கறாரும்மா," என்று ஆசான் பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சு பக்கத்துக் கடைக்குக் கேட்டிருக்க வேண்டும். நடுக்கதவு திறந்தது. தரகர் ஜுவாங் தேநீரோடு வந்தார். "பொன்மேகம்" என்ற புதுக் கட்டடத்தில் ஓர் அறை வீடுகள் சில மீதமிருப்பதாகவும், எதற்கும் சாமியைக் கேட்டுப் பார்க்கலாமே என்றும் சொன்னார். இந்தக் கேள்விக்குச் சிவப்புப் பை வந்தது. சம்மதம், சம்மதம், சம்மதம். லியென்ஃபாங்கின் கண்கள் கலங்கிவிட்டன. அடுத்த கும்பிடு நாளில் முன்பணம் என்று முடிவாயிற்று.

செய்தி கேட்டு அவளுடைய நாத்தனார் யூச்சின் மறுநாளே வந்து இறங்கினாள். காப்பீடு விற்கிறவள். வாயால் பிழைக்கிறவள் என்பதால் மற்றவர்கள் வாயை அவ்வளவு சுலபத்தில் நம்ப மாட்டாள்.

"வீட்டுக்குள்ள போய்ப் பாத்தியா அண்ணி?"

"சாவி இல்லையாம். வெளிய இருந்து பாத்தோம். ஜன்னல் நல்லா இருந்துச்சு."

"ஜன்னல மட்டும் வாடகைக்கு விடப் போறியா?"

"கிண்டல் பண்ணாத. மூணு தடவையும் சம்மதம் வந்துச்சு. என் கையால போட்டேன்."

"வேற யாருக்கெல்லாம் வந்துச்சு?"

"பொன்மேகத்தப் பத்திக் கேட்ட எல்லாருக்குமே. அவ்வளவு ராசியான கட்டடம்."

யூச்சின் வரும்போது வாங்கி வந்திருந்த ஆட்டுக்கறியைக் காரச் சாந்தில் தோய்க்காமலேயே மென்றாள். அவளுக்கு யோசனை வந்தால் அப்படித்தான். "எட்டு வீடு ஏறி இறங்குனா ஒருத்தர் என் பாலிசிக்குச் சரின்னு சொல்றாங்க. சுண்டிப் போட்ட கட்டையும் மூணு தடவ வரிசையா சரின்னு சொல்றது எட்டுல ஒருத்தருக்குத்தான். இங்க எட்டுக்கு எட்டு. அந்தக் கட்டைய எங்க ஆபீசுல வேலைக்கு எடுத்துக்குவாங்க."

"சாமி விஷயத்துல கணக்கு பாக்காத," என்றாள் லியென்ஃபாங்.

"நான் சாமிகிட்ட பாக்கல அண்ணி. நடுவுல நிக்கிறவர்கிட்ட பாக்குறேன். நானும் வரேன், முன்பணம் கட்டற அன்னிக்கு."

அந்த நாளும் வந்தது. கூட்டம் வழக்கம்போல. லியென்ஃபாங் கைப்பையை நெஞ்சோடு அணைத்து நின்றாள். பக்கத்தில் போசுன். யூச்சின் வரிசையில் நின்றபடி ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஜுவாங்கின் வீடு என்றால் சிவப்புப் பை. அடுத்தவன் வீடு என்றால் மஞ்சள் பை. ஒருமுறைகூட மாறவில்லை.

அவள் முறை வந்ததும் குழைந்து நின்றாள். "ஆசானே, நானும் பொன்மேகத்துல ஒண்ணு பாக்கலாம்னு..."

சிவப்புப் பை வந்தது.

"கேள்விய மனசுக்குள்ள கேக்கணுமா, வாய்விட்டா?"

"வாய்விட்டுத்தான்மா. சாமிக்கு ஒளிவு மறைவு ஆகாது. பேரு, பொறந்த நாள், விலாசம் எல்லாம் சொல்லணும்."

யூச்சின் மண்டியிட்டாள். பேர் சொன்னாள், பிறந்த நாள் சொன்னாள், விலாசமும் தபால் எண்ணும் சொன்னாள். பிறகு அதே குரலில், "நிலத்தெய்வமே, இந்த ஆசான் எங்களையெல்லாம் ஏமாத்துறாரா?" என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டாள்.

ஒன்று தட்டை. ஒன்று மேடு.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தது தரகர் ஜுவாங். "ஒரு தடவை வந்தா கணக்கில்லைம்மா. மூணு வரணும்."

"ஆமா, முறை அதுதானே," என்று யூச்சின் மறுபடி கேட்டாள், மறுபடி போட்டாள். சம்மதம். மூன்றாவது முறைக்குக் கட்டைகளை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். "நீ போடு. பணம் உன்னுது."

லியென்ஃபாங் கைப்பையைப் போசுனிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டாள். போன முறை இதே கட்டைகள் இதே கையிலிருந்து விழுந்து அவளை அழ வைத்திருந்தன. இப்போது மறுப்பு விழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். மறுப்பு விழுந்தால் ஆசான் நல்லவர், வீடு நல்ல வீடு, வாழ்க்கை லேசு. கட்டைகளைப் போட்டாள்.

சம்மதம்.

"சாமி இன்னிக்கு விளையாடறார்," என்றார் ஆசான்.

"விளையாடினா ரெண்டும் தட்டையா விழும் ஆசானே," என்று பின்னாலிருந்து ஒரு மீன்கடைக்காரம்மா சொன்னாள். "இது சம்மதம். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

ஆசானுக்கு நெற்றி வியர்த்தது. விறுவிறுவென்று வந்து கட்டைகளைப் பொறுக்கினார். "நான் நேர்மையானவனா?" என்று உரக்கக் கேட்டுப் போட்டார். சம்மதம். முகம் மலர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப நீங்க நேர்மையா ஏமாத்துறீங்க," என்றாள் யூச்சின். "நல்லதுதான். இன்னொண்ணும் கேட்டுடலாம். பொன்மேகம் கட்டடம் ஒரு வாழைப்பழமா?"

போட்டாள். கட்டடம் வாழைப்பழம் என்பதில் சாமிக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஏற்கெனவே அங்கே வீடு வாங்கியிருந்த ஒருவர் மெல்ல முன்னால் வந்தார். கோட்டுப் போட்டவர், மருந்துக்கடை முதலாளி, படித்தவர். குனிந்து கட்டைகளை எடுத்தார். "என் வீட்டு விலை ஏறுமா?" சம்மதம். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. விட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை. "இறங்குமா?" சம்மதம். அவர் கட்டைகளைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போசுன்தான் அவரிடமிருந்து ஒன்றை வாங்கினான். தட்டைப் பக்கத்தில் அரக்குப் பூச்சு ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருந்தது. நகத்தால் சுரண்டினான். உள்ளே ஒரு திருகாணியின் தலை பளபளத்தது. இன்னொரு கட்டையின் மேட்டுப் பக்கத்திலும் அப்படியே. ஒன்று எப்போதும் தட்டைப் பக்கம் கவிழும். மற்றது எப்போதும் மல்லாந்து விழும். மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அந்த இரண்டிலும் பாரம் தட்டைப் பக்கம். சாகும்வரை மறுப்புத்தான்.

"ஏற்றுமதித் தரம்," என்றான் போசுன். வருத்தமாகத்தான் சொன்னான். "இங்கயாவது ஆர்டர் வந்திருக்கு."

அதற்குள் ஆசானைக் காணோம். நடுக்கதவு ஆடிக்கொண்டிருந்தது. காணிக்கைத் தட்டையும் காணோம். அடுத்தவர் மனம் கேட்காமல் வைத்ததை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் கேட்கவில்லை போலும். மீன்கடைக்காரம்மா ஜுவாங்கின் சட்டையைப் பிடித்திருந்தாள். அவரோ, தாமும் பக்தன்தான், தமக்கும் இது புதுச் செய்திதான் என்று போலீஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் திருந்தியதா என்று கேட்கிறீர்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் நின்று விவாதித்தார்கள். ஆசான் நல்லவர், மரம்தான் சரியில்லை என்று ஒருவர் சொன்னார். பக்கத்து ஊரில் ஓர் ஆமை வாயால் சீட்டு எடுத்துக் கொடுக்கிறது, அதற்குக் கமிஷன் ஆசையே கிடையாது என்று இன்னொருவர் சொன்னார். விலாசத்தை நாலைந்து பேர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள்.

லியென்ஃபாங் குறித்துக்கொள்ளவில்லை. நேரே வீட்டுக்கு வந்தாள். கைப்பையை மேசையில் வைத்துவிட்டுத்தான் கேட்டாள்: "இப்ப நான் யாரைக் கேக்கறது?"

"கேக்கறதுக்கா ஆளில்ல?" என்றாள் யூச்சின். "மேல்வீட்டுக்காரன் இருக்கான், கீழ்வீட்டுக்காரன் இருக்கான், பேங்க்காரன் இருக்கான். ஒருத்தரும் மூணு தடவை சரின்னு சொல்ல மாட்டாங்க. அதான் அவங்கள நம்பலாம்."

மறுநாள் நல்ல மழை. வீடு பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. சந்தைக்குப் பின்னாலிருந்த பழைய வீட்டுக்கு மூவரும் போனார்கள். லியென்ஃபாங் எல்லாக் குழாயையும் திறந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள்; குளியலறை மூலையில் ஒழுகியது. கீழ்வீட்டுக்காரியிடம் என்ன வாடகை, எத்தனை மாதம் காலியாகக் கிடக்கும் என்று விசாரித்தாள். வட்டி ஏறினால் தவணை எவ்வளவு ஆகும் என்று வங்கியில் கேட்டாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத பதிலை அவள் நம்பியது அதுதான் முதல் தடவை. ஒழுகலைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் யோசிக்கிறார். அவளும் யோசிக்கிறாள். வாங்குவாளா, மாட்டாளா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஊரில் அந்த வாரம் யோசித்த இரண்டு பேர் அவர்கள்தான்.

நிலத்தெய்வத்துக்கு மலை பார்க்கிற வேலை இருக்கிறது, வயல் பார்க்கிற வேலை இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகிற வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற வேலையையாவது, ஐயா, நீங்களே செய்யுங்கள்.