ஆண்களுக்கு மட்டும் ஓர் ஊசி

"கதவைச் சாத்திடட்டுங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பிச்சமுத்துவே சாத்தினார். தொட்டியத்தில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். பேரன் எடுத்தாகிவிட்டது.

மன்னார்புரம் பல் டாக்டர் பீமராவ் விளக்கை இழுத்துவிட்டு, "எந்தப் பல்லுங்க?" என்றார்.

"பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்குங்க. வெளியில போர்டு பார்த்தேன். ஆண்களுக்கு மட்டும் ஊசின்னு." குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஊசியில பலன் தெரியுமா, இல்ல கோர்ஸா எடுக்கணுங்களா?"

பீமராவுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஐயா, இது அந்த ஊசி இல்ல. எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். பின்னால தொண்டையில கேன்சரைக் கொண்டுவரும். அதைத் தடுக்கச் சின்ன வயசுப் பசங்களுக்குப் போடறது."

"புரியுதுங்க, வெளியில அப்படித்தான் சொல்லிக்கணும்" என்று கண்ணடித்துவிட்டுப் பிச்சமுத்து போனார். மறுநாள் அவர் வயதுக்காரர்கள் ஐந்தாறு பேர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பீமராவ் நல்லது செய்யத்தான் கிளம்பினார். போன வருஷம் கல்லூரித் தோழர் கலீம் வாயைத் திறந்து காட்டியபோது, தொண்டையில் இருந்த கேன்சர் கட்டியை முதலில் பார்த்தவர் இவர். பார்த்ததைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை; சில மாதங்களில் கலீம் போய்விட்டார். அந்த ஆற்றாமை தூங்கவிடவில்லை. இந்த ஊசி பெண்களுக்குத்தான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்க, பையன்களுக்கும் போட்டே தீருவேன் என்று மனைவி ஜோதியிடம் மன்றாடினார். ஜோதி ஸ்ரீரங்கத்தில் மகப்பேறு மருத்துவர். ஒரு பெட்டி மருந்தையும், போடுவதற்கு நர்ஸ் ராசாத்தியையும் கொடுத்தனுப்பினார்.

"மாசக் கடைசிக்குள்ள போட்டு முடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவேன். அதோட இந்தப் பேச்சை விட்டுடணும். என்கிட்ட பொண்ணுங்க வரிசையில நிக்கிறாங்க. உங்க பசங்க எங்க?"

பசங்களைத்தான் காணோம். கைக்குட்டைக் கூட்டத்தைப் பார்த்தவுடன் அவர்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்கள்.

பீமராவ் போர்டை மாற்றினார்: 'திருமணமாகாத இளைஞர்களுக்கு.'

மறுநாளே ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி மஞ்சள் பையோடு வந்தார்.

"டாக்டர், எங்காத்துப் பிள்ளைக்கு முப்பத்தாறு முடிஞ்சுடுத்து. ஒரு வரனும் திகையலை. உங்க ஊசியைப் போட்டுண்டா தோஷம் நிவர்த்தியாறதாமே? பெருமாள்தான் வழி காட்டியிருக்கார்."

"மாமி, கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சரி, பிள்ளையை அழைச்சுண்டு வரணுமா, ஜாதகம் மட்டும் போதுமா?"

அன்றே அந்தப் போர்டும் இறங்கியது. நேர்மையாகவே போட்டுவிடுவோம் என்று, 'புற்றுநோய்த் தடுப்பூசி' என்று எழுதி மாட்டினார். அங்கே கேன்சர் பார்க்கிறார்களாம், போனால் ஒட்டிக்கொள்ளுமாம் என்று பேச்சுக் கிளம்பி, பல் பிடுங்க வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுபோனார்கள். ராசாத்தி காலி பெஞ்சைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார்.

கடைசியில் பீமராவ் எல்லாப் போர்டையும் கழற்றி உள்ளே போட்டார். நாற்காலியில் வந்து உட்காருகிறவனிடம் பேசினால் போயிற்று. வாயைத் திறந்து வைத்திருப்பவன் எதிர்த்துப் பேச முடியாது.

முதலில் மாட்டியவன் அன்புச்செல்வன், பாலிடெக்னிக் மாணவன். கடைவாய்ப் பல் சொத்தை. கையில் குறடோடு பீமராவ் வைரஸைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார். கலீமைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னார்.

"என்ன தம்பி, ஊசி போட்டுக்கறியா? இல்ல, நேரா பல்லுக்குப் போயிடலாமா?"

அன்புச்செல்வன் குறடைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்தான்.

ராசாத்தி ஊசியைப் போட்டு முடித்ததும் அவனுக்குக் கண் செருகியது. தண்ணீர் தெளித்து உட்கார வைத்த பிறகு ராசாத்தி டாக்டரிடம் பொரிந்தார்.

"ஊசியும் போட்டுப் பல்லையும் புடுங்கினா இவனுங்க தாங்க மாட்டானுங்க சார். ஊசி போட்ட அன்னிக்குப் பல்லுல கை வைக்காதீங்க. இன்னொரு நாளைக்கு வரச் சொல்லுங்க."

பீமராவ் அதையே சட்டமாக்கினார். பல் போனால் போகட்டும், பையன்கள் பிழைத்தால் போதும்.

மறுநாள் அன்புச்செல்வன் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். அவர்கள் ஹாஸ்டலைக் கூட்டி வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் பெஞ்சில் இடமில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினார்கள். பீமராவுக்குக் கண் கலங்கியது. கலீம் இருந்தால் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

மாசக் கடைசியில், மிச்ச மருந்தை எடுத்துப்போக ஐஸ் பெட்டியோடு வந்த ஜோதி, ஃப்ரிட்ஜைத் திறந்து திகைத்துப்போனார். ஒன்றுகூட மிச்சமில்லை.

"எப்படிங்க? எங்க ஆஸ்பத்திரியில ஒரு பையனைக்கூடச் சம்மதிக்க வைக்க முடியல!"

"பேசணும் ஜோதி. மனசுல தைக்கிற மாதிரி பேசணும்" என்ற பீமராவ், அன்றும் ஒரு நண்பனை அழைத்து வந்திருந்த அன்புச்செல்வனைக் கூப்பிட்டார். "தம்பி, எல்லாரையும் ஏன் கூட்டிட்டு வர்றேன்னு மேடத்துக்கிட்ட நீயே சொல்லு."

அன்புச்செல்வன் ஜோதியிடம் பவ்யமாகச் சொன்னான்: "ஊசி போட்ட பஞ்சைக் காட்டினாத்தான் மேடம், பல்லுக்கு வைத்தியம் பார்த்தாச்சுன்னு அம்மா நம்புறாங்க. பல்லைத் தொடாம கையில ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புற பல் டாக்டர் திருச்சியிலயே சார் ஒருத்தர்தான்!"